வெள்ளை ஈக் குஞ்சுக்குள் இரண்டு மஞ்சள் புள்ளிகள்: சாறு உறிஞ்சும் பூச்சிகளும் அவற்றுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களும்

இலைநரம்பு:

எல்லோருக்கும் வணக்கம். நேற்று வெள்ளை ஈ பிடித்த ஓர் இலையைத் திருப்பிப் போட்டு, இருபது மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். வளர்ந்த ஈக்கள் பறந்துவிட்டன. மிச்சம் இருந்தவை இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும் குஞ்சுகள். தட்டையான முட்டை வடிவம், ஒளி ஊடுருவும் உடல். அலகைக் குத்திய இடத்தை விட்டு அவை நகர்வதில்லை. அந்த உடலுக்குள் இடதும் வலதுமாக இரண்டு மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன.

குடலில் கிடக்கும் உணவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பதினைந்து குஞ்சுகளைப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே ஜோடி. உணவு இப்படி வரிசை தப்பாமல் உட்காராது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: அவை பாக்டீரியாவை வைத்துக் காப்பதற்கென்றே உள்ள உறுப்புகள். உள்ளே இருப்பது போர்ட்டியெரா என்ற பாக்டீரியா. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட 1,500-க்கும் மேற்பட்ட வெள்ளை ஈ இனங்களின் பொதுச் சொத்து அது.

வெறும் லென்ஸில் ஒரு பூச்சியின் கூட்டுயிரி (அதன் உடலுக்குள் சேர்ந்து வாழும் உயிர்) தெரிகிறது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. மற்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளிலும் இதே கதைதானா? எந்தப் பூச்சி எங்கே வாழ்கிறது என்பதற்கும் இந்தக் குடித்தனத்துக்கும் தொடர்பு உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

ஆய்வுமேசை:

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள் இலைநரம்பு. நான் ஏஃபிட் எனப்படும் அசுவினியோடு வேலை செய்பவள், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

செடியின் உணவுக் குழாயான புளோயத்தில் ஓடும் சாற்றில் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் எல்லாம் அமினோ அமிலத்தில்தான். ஒரு பூச்சி தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் பத்து. அவை அந்தச் சாற்றில் மிகக் குறைவு. அதை மட்டுமே குடித்து ஒரு விலங்கு வளர முடியாது. அசுவினி வளர்கிறது என்றால், அந்தப் பத்தையும் வேறு யாரோ உள்ளே சமைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தச் சமையல்காரர் புக்னெரா என்ற பாக்டீரியா. ஓர் அசுவினியை உப்புக் கரைசலில் வைத்து மெல்லிய ஊசியால் வயிற்றைத் திறந்தால், கருக்களுக்கு நடுவே பெரிய உருண்டை செல்கள் மிதந்து வெளியே வரும். பாக்டீரியோசைட் என்பவை இவைதான். கண்ணாடித் தகட்டில் மூடி லேசாக அழுத்தினால் செல் உடைந்து, உள்ளிருந்து ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உருண்டைகள் கொட்டும். அத்தனையும் புக்னெரா. முதல் தடவை பார்த்தபோது செல்லுக்குள் செல்லுக்கென்று இருக்கும் இடம் எங்கே என்று தேடினேன். அவ்வளவு நெருக்கம்.

வரலாறும் சுவையானது. தாமஸ் ஹக்ஸ்லி 1858-இல் இந்தத் திசுவைப் பார்த்து விவரித்தார், ஆனால் அது என்னவென்று புரியவில்லை. போலி மஞ்சள்கரு என்று பெயர் வைத்தார். 1910-இல்தான் இத்தாலியில் உம்பெர்த்தோ பியெரன்தோனியும் செக் நாட்டில் கரெல் ஷுல்ட்ஸும் தனித்தனியே இதற்குள் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் பால் புக்னர் வாழ்நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பூச்சிகளை அறுத்துப் பார்த்து எழுதினார். அவர் பெயரைத்தான் 1991-இல் அசுவினியின் பாக்டீரியாவுக்கு வைத்தார்கள்.

நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் புக்னெராவைக் கொன்றால் அசுவினி உடனே சாகாது. ஆனால் வளர்ச்சி குன்றிவிடும், குட்டி போடுவது ஏறக்குறைய நின்றே போய்விடும். வெளியே எடுத்து ஊட்டத்தட்டில் வைத்தால் புக்னெராவும் வளராது. இரண்டும் 15 கோடி ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்தே இருக்கின்றன. புக்னெரா தாயிடமிருந்து கருவுக்கு நேராகப் போகிறது.

---

தும்பி_வால்:

//எந்தப் பூச்சி எங்கே வாழ்கிறது என்பதற்கும் இந்தக் குடித்தனத்துக்கும் தொடர்பு உண்டா?//

உண்டு என்பது என் உறுதியான கருத்து. அசுவினியையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் சுமார் 5,000 இனங்கள். பெரும்பாலான பூச்சிக் குடும்பங்களில் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இனங்கள் கூடும். அசுவினியில் நேர்மாறு: மிதவெப்ப மண்டலத்தில்தான் கூட்டம், வெப்ப மண்டலத்தில் மிகக் குறைவு. ஏன்? புக்னெரா வெயில் தாங்காது. சில மணி நேரம் 35 டிகிரியில் வைத்தாலே சில அசுவினி வம்சங்களில் புக்னெரா அழிந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர் சூடு தாங்காதவர் என்றால், வீட்டுக்காரர் எப்படிச் சூடான நாட்டுக்குக் குடிபோவார்?

இன்னொன்று. மூங்கில் போன்றவற்றில் வாழும் செரட்டாஃபிடினி என்ற அசுவினிக் கூட்டம் ஆசியாவின் வெப்பமான பகுதிகளில்தான் அதிகம். அவற்றில் சில இனங்கள் புக்னெராவைக் கைவிட்டு, ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சையைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. கணக்கு நேராக வருகிறதே!

---

ஆய்வுமேசை:

தும்பி, அந்தச் சூட்டுப் பரிசோதனை உண்மை. ஆனால் நீங்கள் சொல்வதைவிட அது நுட்பமானது. 2007-இல் வெளிவந்த ஆய்வு அது. புக்னெராவில் ஐபிபிஏ என்றொரு மரபணு. சூட்டில் கெட்டுப்போகும் புரதங்களைப் பாதுகாப்பது அதன் வேலை. அந்த மரபணுவை முடுக்கும் பகுதியில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து உதிர்ந்திருந்தால் புக்னெரா சூடு தாங்காது. உதிராத வம்சம் தாங்குகிறது. உதிர்ந்த வம்சங்கள் குளிர்ச்சியான சூழலில் மற்றவற்றைவிட நன்றாகவே பெருகுகின்றன, அதனால்தான் அவை ஒழிந்துபோகாமல் இருக்கின்றன.

2015-இல் இதைவிடத் துணிச்சலான ஒரு வேலை நடந்தது. சூடு தாங்காத புக்னெராவை அசுவினியிடமிருந்து நீக்கிவிட்டு, சூடு தாங்கும் வம்சத்துப் புக்னெராவை ஊசியால் செலுத்தினார்கள். அசுவினியின் மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் அந்த அசுவினி வம்சமே சூடு தாங்கத் தொடங்கிவிட்டது. இத்தனை கோடி ஆண்டு பழைய பங்காளியையும் மாற்றி வைக்க முடியும் என்று காட்டிய பரிசோதனை.

எனவே, ஒரே இனத்துக்குள் எந்த வம்சம் எந்தப் பருவத்தில் செழிக்கும் என்பதற்குப் புக்னெரா காரணம்: ஒத்துக்கொள்கிறேன். ஒரு குடும்பம் முழுக்க வெப்ப மண்டலத்தில் குறைந்ததற்கும் அதுவே காரணம்: ஒத்துக்கொள்ள மாட்டேன்.

---

இலைநரம்பு:

எனக்கும் அதே உறுத்தல்தான். வெள்ளை ஈயில் வெப்ப மண்டல இனங்கள் ஏராளம். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் (செதில் பூச்சி வகையில் மட்டும் சுமார் 8,000 இனம்) சூடான நாடுகளில் கொடிகட்டிப் பறக்கின்றன. அவற்றுக்குள் இருப்பவையும் புக்னெரா போலவே மரபணுக்களை இழந்து மெலிந்த பாக்டீரியாக்கள்தானே? சூடு தடுத்திருந்தால் அவற்றையும் தடுத்திருக்க வேண்டும்.

செரட்டாஃபிடினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கூட்டத்தில் பூஞ்சைக்கு மாறாமல் புக்னெராவையே வைத்துக்கொண்டு, அதே சூட்டில் வாழும் இனங்களும் இருக்கின்றன.

அசுவினிக்கு வேறொரு விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. 1987-இல் டிக்சன் குழு முன்வைத்தது. பெரும்பாலான அசுவினி இனங்கள் ஒன்றிரண்டு தாவரங்களை மட்டுமே உண்ணும். அவை நன்றாகப் பறப்பவையும் அல்ல. காற்று கொண்டுபோய்ப் போடும் இடத்தில் இறங்கி, தன் செடிதானா என்று குத்திப் பார்க்க வேண்டும். உணவு இல்லாமல் அதிக நேரம் தாங்காது. வெப்ப மண்டலக் காட்டில் ஆயிரம் வகை மரம், ஒவ்வொன்றும் அங்கொன்று இங்கொன்றாக. தன் செடியைக் கண்டுபிடிப்பதற்குள் அசுவினி செத்துவிடும். ஒரே மரம் கூட்டமாக வளரும் மிதவெப்பக் காடு அதற்குத் தோது.

---

தும்பி_வால்:

மாவுப்பூச்சி வாதம் வலுவானது. நான் அசுவினியை மட்டும் பார்த்து மற்றவற்றுக்கு நீட்டிவிட்டேன். டிக்சன் விளக்கத்தை முதன்மையாகவும் சூட்டை ஓரத்திலும் வைப்பதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் ஓரத்தில் வைப்பேனே தவிர விட்டுவிட மாட்டேன். வெயில் கூடக்கூட எந்த வம்சம் தங்கும் என்பதை அந்த ஓர் எழுத்து தீர்மானிக்கிறது அல்லவா?

---

மதி_விலங்கியல்:

மாணவி நான். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆய்வுமேசை அக்கா, ஒரு சந்தேகம். அசுவினிக்கு ஒரு புக்னெரா போதும் என்கிறீர்கள். தத்துப்பூச்சிக்கும் சில்வண்டுக்கும் இரண்டு பாக்டீரியா வேண்டும் என்று பாடத்தில் படித்தேன். ஏன் இரண்டு?

---

ஆய்வுமேசை:

மதி, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையின் சாரமே இதில்தான் இருக்கிறது.

தத்துப்பூச்சி, சில்வண்டு, நுரைப்பூச்சி, புகையான் வகையறா எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. 26 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதற்குள் சல்சியா என்ற பாக்டீரியா குடியேறிவிட்டது. இன்றும் அந்த வம்சங்களில் பலவற்றில் சல்சியா இருக்கிறது. நான் மேலே சொன்ன கரெல் ஷுல்ட்ஸின் நினைவாக வைத்த பெயர். சில்வண்டில் தேவையான பத்து அமினோ அமிலங்களில் எட்டைச் சல்சியா செய்கிறது. மிச்சம் இரண்டு: ஹிஸ்டிடின், மெத்தியோனின். அவற்றைச் செய்வது ஹாட்ஜ்கினியா என்ற இன்னொரு பாக்டீரியா. பி12 வைட்டமினின் அமைப்பைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கினின் பெயர் அது. அந்த வைட்டமினைச் செய்யும் மரபணுக்கள் இந்தப் பாக்டீரியாவில் இருக்கின்றன.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். சல்சியா எல்லா வீட்டிலும் அதே ஆள். இரண்டாவது பங்காளிதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. சைலம் (வேரிலிருந்து நீர் ஏறும் குழாய்) சாறு குடிக்கும் பெரிய தத்துப்பூச்சிகளில் பவுமானியா. மற்றப் பல தத்துப்பூச்சிகளில் நாசுவியா. நுரைப்பூச்சியில் ஜிண்டெரியா. புகையானின் உறவினர்கள் பலவற்றில் விடானியா. புகையானே ஒரு விதிவிலக்கு. அது பழைய பாக்டீரியாக்களை விட்டுவிட்டு ஈஸ்ட் போன்ற பூஞ்சையோடு வாழ்கிறது.

ஏன் இப்படி ஆள் மாறுகிறது? ஒரு செல்லுக்குள் அடைபட்ட பாக்டீரியாவுக்கு வெளியுலகத்தோடு மரபணுப் பரிமாற்றம் இல்லை. தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும்போது சில பாக்டீரியாக்கள் மட்டுமே போகின்றன. அதனால் வரும் பிழைகள் திருத்தப்படாமல் தங்கிவிடும், மரபணுக்கள் ஒவ்வொன்றாக உதிரும், உதிர்ந்தது திரும்ப வராது. நம் குடலில் வாழும் ஈ.கோலியின் மரபணுத்தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்து. 2000-இல் வரிசைப்படுத்தப்பட்ட புக்னெராவுக்கு 6,40,681. சைலிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சியில் இருக்கும் கார்சொனெல்லாவுக்கு 2006-இல் எண்ணியபோது வெறும் 1,59,662. நாசுவியா 1 லட்சத்து 12 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது; 2013-இல் அந்தக் கணக்கு வந்தபோது அதைவிடச் சிறியதை யாரும் பார்த்ததில்லை.

உதிர்ந்துகொண்டே போகும் பங்காளி ஒருநாள் ஒரு வேலையைக் கைவிடும். அப்போது புதிய பாக்டீரியா ஒன்று வந்து அந்த வேலையை ஏற்றால் பூச்சி பிழைக்கும். தேவதாரு மரத்து அசுவினி ஒன்றில் புக்னெரா 4 லட்சத்து 16 ஆயிரம் எழுத்தாகச் சுருங்கி, டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைத் தனியாகச் செய்யும் திறனை இழந்துவிட்டது. அங்கே செராஷியா என்ற இரண்டாவது ஆள் வந்து நிற்கிறது. டிரிப்டோஃபேன் சமையலை இரண்டும் பாதி பாதியாகச் செய்கின்றன.

---

மதி_விலங்கியல்:

அக்கா, அப்படியானால் இந்தப் பூச்சிகளுக்கு இது வரமா, பொறியா?

---

ஆய்வுமேசை:

என்னைக் கேட்டால், முதலில் வரம். பிறகு விட்டு விலக முடியாத பிணைப்பு. சாறு என்ற உணவைத் திறந்துவிட்ட சாவியே பாக்டீரியாதான். ஆனால் அதற்குப் பின் பூச்சி அந்தப் பாக்டீரியாவின் பலவீனத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. தென் அமெரிக்காவில் டெட்டிகாடெஸ் என்ற சில்வண்டில் ஹாட்ஜ்கினியா இரண்டு வம்சமாகப் பிளந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு பாதி மரபணுக்களை இழந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஹாட்ஜ்கினியா. வட அமெரிக்காவில் 13 ஆண்டும் 17 ஆண்டும் மண்ணுக்குள் கிடக்கும் சில்வண்டுகளில் அது இன்னும் பல துண்டுகளாகச் சிதறியிருக்கிறது. முன்பு ஓர் ஆளுக்கு இடம் கொடுத்த பூச்சி இப்போது ஒரு கூட்டத்துக்கே இடம் கொடுக்க வேண்டும். அதில் பூச்சிக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரிந்து யாரும் காட்டவில்லை.

ஜப்பானில் பல சில்வண்டு இனங்கள் வேறு வழியில் தப்பித்திருக்கின்றன. ஹாட்ஜ்கினியா அங்கே இல்லை. அதன் இடத்தில் ஒரு பூஞ்சை. அந்தப் பூஞ்சையின் நெருங்கிய உறவினர்கள் யார் தெரியுமா? சில்வண்டைக் கொன்று அதன் உடலிலிருந்தே முளைக்கும் ஒஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சைகள். எமனின் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து சமையல்காரராக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். 2018-இல் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

---

இலைநரம்பு:

மாவுப்பூச்சியை விட்டுவிட்டீர்களே! எலுமிச்சை வகையைத் தாக்கும் மாவுப்பூச்சியில் டிரெம்பிளாயா என்ற பாக்டீரியாவுக்கு உள்ளேயே மொரானெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா வாழ்கிறது. பூச்சி செல், அதற்குள் ஒரு பாக்டீரியா, அதற்குள் இன்னொன்று. ஓர் அமினோ அமிலத்தைச் செய்யும் படிகள் மூன்று பேருக்கும் இடையே பிரிந்து கிடக்கின்றன. வேறு பாக்டீரியாக்களிடமிருந்து வந்து மாவுப்பூச்சியின் சொந்த மரபணுத்தொகுதியிலேயே குடியேறிய மரபணுக்கள் குறைந்தது 22 என்று 2013-இல் கணக்கிட்டார்கள். அவையும் இந்தச் சமையலில் கைகொடுக்கின்றன.

தும்பி பரவலைப் பற்றிக் கேட்டதால் பாசிப் பூச்சியையும் சொல்லிவிடுகிறேன். பெலொரிடிடே குடும்பம், முப்பதுக்குச் சற்று மேற்பட்ட இனங்கள்தான். ஈரப் பாசிக்குள் வாழும், பெரும்பாலானவை பறக்காது. சிலி, அர்ஜென்டினா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவின் கிழக்கு, நியூ கலிடோனியா: ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த கோண்ட்வானா என்ற பெருநிலத்தின் துண்டுகளில் மட்டும். அவற்றுக்குள்ளும் எவான்சியா என்ற சொந்தப் பாக்டீரியா. கண்டங்கள் பிரிந்தன, பூச்சி பிரிந்தது, பாக்டீரியாவும் கூடவே பிரிந்து போயிற்று.

---

பசுந்தாள்:

நான் பயிர்ப் பக்கத்து ஆள். நேராகக் கேட்கிறேன்: பாக்டீரியாவைக் கொன்றால் பூச்சி ஒழியும் என்றால், அதையே பூச்சி மேலாண்மைக்குப் பயன்படுத்தலாமே?

---

ஆய்வுமேசை:

வயலில் நுண்ணுயிர்க்கொல்லி தெளிப்பது கூடவே கூடாது. மண்ணிலும் நீரிலும் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் பெருகும். மனிதருக்கான மருந்து பாழாகும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் கூட்டுயிரியைத் தெரிந்துகொள்ளாமல் பூச்சி மேலாண்மை செய்வதும் அரைகுறைதான். பட்டாணி அசுவினியில் சிலவற்றுக்குள் மட்டும் ஹாமில்டோனெல்லா என்ற கூடுதல் விருந்தாளி இருக்கும். கட்டாயமில்லை, இருந்தால் ஆதாயம். ஒட்டுண்ணிக் குளவி அசுவினிக்குள் முட்டை இட்டால், வெளிவரும் புழுவை இது வளரவிடாமல் சாகடிக்கும். புழுவைக் கொல்லும் நஞ்சின் மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமானதுகூட இல்லை. பாக்டீரியாவைத் தொற்றிய ஒரு வைரஸின் மரபணு. நீங்கள் குளவியை விட்டும் அசுவினி குறையவில்லை என்றால் இதையும் சந்தேகப்பட வேண்டும். குளவியே இல்லாத கூண்டில் வளர்த்தால் ஹாமில்டோனெல்லா உள்ள அசுவினிகளின் பங்கு குறைந்துபோகிறது. காவலாளிக்கும் கூலி உண்டு.

---

தும்பி_வால்:

பசுந்தாள், நாவாய்ப்பூச்சிகளையும் கவனியுங்கள். ரிப்டோர்டஸ் என்ற பயறு நாவாய்ப்பூச்சி தன் பாக்டீரியாவைத் தாயிடமிருந்து பெறுவதில்லை. ஒவ்வொரு தலைமுறைக் குஞ்சும் மண்ணிலிருந்து பர்கோல்டேரியாவை உறிஞ்சிக் குடலின் பைகளில் குடிவைத்துக்கொள்கிறது. ஃபெனிட்ரோதியான் என்ற பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்பப் போட்ட மண்ணில், அந்த மருந்தையே தின்று வாழும் பர்கோல்டேரியா பெருகுகிறது. அதைக் குடித்த குஞ்சுக்கு மருந்து வேலை செய்வதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். எதிர்ப்புத்திறன் தலைமுறை தலைமுறையாகத்தான் வரும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே ஒரு குஞ்சு அதை ஒரே நாளில் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

மெகாகாப்டா என்ற இன்னொரு வகையில் தாய்ப்பூச்சி முட்டை வரிசையின் அடியில் சின்னப் பழுப்பு நிறப் பொட்டலங்களை ஒட்டி வைக்கும். பொரித்த குஞ்சு முதலில் செய்யும் வேலை அந்தப் பொட்டலத்தில் வாய் வைத்து உறிஞ்சுவது. உள்ளே இருப்பது பாக்டீரியா. சோயாப் பயிரைத் தாக்கும் இனத்துக்கும் அவ்வளவாகத் தாக்காத இனத்துக்கும் பொட்டலத்தை மாற்றி வைத்தார்கள். சோயாவில் முட்டை பொரிக்கும் திறனும் இடம் மாறிவிட்டது! எது பயிர்ப்பகை என்பதையே பாக்டீரியா தீர்மானித்தது.

---

பசுந்தாள்:

//ஒரே நாளில் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது//

இது எனக்குப் புதிது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கு மண் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. மூவருக்கும் நன்றி.

---

மதி_விலங்கியல்:

இலைநரம்பு சொன்னபடி நானும் இன்று லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மஞ்சள் புள்ளிகளும் தெரிந்தன! ஆனால் நாற்பது குஞ்சுகளில் மூன்றில் மட்டும் ஏதோ தவறாக இருக்கிறது. புள்ளிகள் ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடக்கின்றன. ஒன்றில் ஒரு புள்ளி ஏறக்குறைய ஓரத்தையே தொடுகிறது. நோயா?

---

ஆய்வுமேசை:

மதி, நல்ல கண் உங்களுக்கு. அந்த மூன்றையும் இலையோடு வெட்டி, ஈரத்தாள் போட்ட மூடிய தட்டில் தனியாக வையுங்கள். வெள்ளை ஈக் குஞ்சுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளரும்போது இந்த மஞ்சள் உறுப்புகள் இடம் தள்ளப்படும். உள்ளே குளவி இருக்கிறது என்பதற்குப் பூச்சியியலாளர்கள் பார்க்கும் முதல் அடையாளங்களில் ஒன்று அது. குஞ்சின் நிறம் மாறுகிறதா என்று தினமும் பாருங்கள். கடைசியில் தோலில் வட்டமாக ஒரு துளை விழுந்தால், வெளியே வந்தது குளவி. வெள்ளை ஈ வெளிவந்திருந்தால் முதுகில் ஆங்கில ‘T’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற பிளவு இருக்கும்.

---

மதி_விலங்கியல்:

தட்டில் வைத்துவிட்டேன் அக்கா. ஒன்று இப்போதே லேசாகப் பழுப்பாகத் தெரிகிறது. நாளைக் காலையில் பார்த்து எழுதுகிறேன்.